அக்காவுக்கு: இஞ்சிப் பச்சடி தீர்ந்துபோகவில்லை

அக்கா,

இதைச் சின்னவன்தான் உனக்குப் படித்துக் காட்டுவான். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சாப்பிட்டியாலே" என்று ஆரம்பிப்பாய், நான் "ஆச்சு" என்பேன், அப்புறம் உன் சர்க்கரை அளவு, மழை, சின்னவனுக்குப் பெண் பார்ப்பது என்று போய் வைத்துவிடுவோம். வருஷக்கணக்காக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரே படிக்கிற இடத்தில் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். தனியாக எழுதினால் அனுப்ப மாட்டேன். நாலு தடவை எழுதி அனுப்பாமல் இருந்திருக்கிறேன்.

சிங்கப்பூர் செஃப் வேலையை விட்டுவிட்டேன். கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. வருகிற சனிக்கிழமை ராத்திரி கடைசி சர்வீஸ். கடைப் பெயரை இங்கே எழுத முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிற காகிதம் அப்படி. உனக்குத் தெரியும், போதும்.

அம்மா போன பிறகு நடந்ததையும், என்னைக் கேட்டரிங் படிக்க வைக்க நீ எதை அடகு வைத்தாய் என்பதையும் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்ல வந்தது ஒரே ஒரு ராத்திரியைப் பற்றி. 2019 நவம்பர். நேற்றோடு ஆறு வருஷம்.

நீ அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தாய். சிங்கப்பூர் ஏசிக்குப் பயந்து தலையில் சால்வை வேறு. நாலாம் நம்பர் மேஜை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற நீளத் திண்டை நாங்கள் பாஸ் என்போம். எல்லாத் தட்டும் அங்கே வந்து நிற்கும், நான் விளிம்பைத் துடைத்துப் பார்த்து அனுப்புவேன். அங்கிருந்து உன் மேஜை பத்தடி. நீ பக்கத்துத் தட்டுகளைப் பார்த்ததும், பார்க்காத மாதிரி சின்னவன் பக்கம் திரும்பியதும் எனக்கு நன்றாகவே தெரிந்தது. உனக்கு மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக வருகிற ஒன்பது கோர்ஸும் சைவமாகத் தனியாகச் செய்திருந்தேன். அதற்காக இரண்டு நாள் முன்பே பையன்களோடு உட்கார்ந்து எழுதினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

வெளியே ஏன் வரவில்லை என்று நீ ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன். ஒன்பதாம் மேஜையில் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்திருந்தார். கோட், கண்ணாடி, அரை பாட்டில் வைன். தனியாக வருகிற ஆளைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கடைகளுக்கு நட்சத்திரம் போட்டு வழிகாட்டி நூல் வெளியிடுகிற மிச்செலின் ஆட்கள் பெயர் சொல்ல மாட்டார்கள், பில்லைத் தாங்களே கட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் போடுகிற நட்சத்திரம் கடைக்குத்தான், சமைக்கிறவனுக்கு இல்லை. வருஷா வருஷம் திரும்பப் பார்ப்பார்கள், இருக்கிறதைப் பிடுங்கவும் செய்வார்கள். அன்றைக்கு எங்களிடம் ஒன்று இருந்தது. முதலாளிக்கு இரண்டு வேண்டும். எனக்கும்தான். எனக்கு வேண்டாம் என்று இருந்ததாக இப்போது கதை விட மாட்டேன்.

அதனால் ஒன்பதாம் மேஜைத் தட்டு ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தேன். நாலாம் மேஜைத் தட்டுகளை என் கீழே இருந்த பையன் பார்த்தான். அந்தக் கண்ணாடிக்காரர் யாரென்று இன்றுவரை தெரியாது. இன்ஷூரன்ஸ் ஆளாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆறாவது கோர்ஸ் சொதி.

உன் சொதி. தேங்காயில் மூன்று பால் எடுத்து, காயை மூன்றாம் பாலில் வேகவிட்டு, பாசிப்பருப்பைக் கரைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டுகிறபோதே இறக்கி, ஆறிய பிறகு எலுமிச்சை பிழிகிற அதே சொதி. உன் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு, பன்னிரண்டு வயதில் கை வலிக்க வலிக்கத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். புதுப்பெண் அடுப்படிக்கு வரக் கூடாது என்று ஆச்சிகள் எல்லாரும் தடுத்தார்கள். நீ கழுத்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து, கல்யாணச் சமையல் பார்த்த தவசிப்பிள்ளையிடம் "இப்போ ஊத்தாதீங்க, திரிஞ்சிரும்" என்றாய். அந்தப் பெரிய மனுஷனும் கையை நிறுத்திவிட்டார். சமையல் என்றால் அதிகாரம் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பிறகு வெள்ளைக்காரர்களிடம் கற்றதெல்லாம் அதற்கு மேல் பூசின பூச்சு.

அதை நான் என்ன செய்தேன் என்று நீ பார்த்தாய். சாந்தன் கம் என்கிற பொடியைப் போட்டுத் திரியாமல் கட்டி, சைஃபன் என்கிற நுரை பீய்ச்சும் குடுவையில் அடைத்து நுரையாக்கி, மற்ற மேஜைகளுக்கு ஒரே ஒரு ஹொக்கைடோ சிப்பியின் மேல். உனக்கு ஒரு உருளைக்கிழங்குத் துண்டின் மேல். கிண்ணத்தில் மொத்தம் மூன்று ஸ்பூன். அந்த மெனுவுக்கு ஆளுக்கு 268 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரி சர்வீஸ் தனி.

பரிமாறிய பையன் கதை சொல்ல வேண்டும், அது அவன் வேலை. "இது எங்கள் செஃபின் பாட்டி செய்த கல்யாணக் குழம்பு" என்று ஆங்கிலத்தில் சொன்னான். உனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிராண்ட்மதர் என்ற சொல் எந்த ஊரில் யாருக்குத் தெரியாது? கடை விளம்பரத்தைக் கவனித்துக்கொண்ட பெண்மணிதான் அப்படி மாற்றினாள்: அக்கா என்றால் எடுபடாது, பாட்டி என்றால் எந்த நாட்டுக்காரருக்கும் கண் கலங்கும் என்றாள். நான் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சரி என்றேன். நம் பாட்டிக்குச் சொதி வைக்க வராது என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம், அது வேறு.

நீ பையனைப் பார்த்துச் சிரித்தாய். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாய். அப்புறம் ஏதோ கேட்டாய். அவன் பாஸுக்கு வந்து, நாலாம் மேஜை அம்மா ஜிஞ்சர் ஏதோ கேட்கிறார்கள் என்றான்.

சொதிக்கு இஞ்சிப் பச்சடி இல்லாமல் யார் சாப்பிடுவார்கள்? அத்தனை தேங்காய்ப்பால் வயிற்றில் கிடந்து மந்தம் தட்டும், அதற்குத்தான் பச்சடி. முதல் மாதம் நானும் வைத்துப் பார்த்தேன். கறுப்பாக இருக்கிறது, தட்டு அசிங்கமாகத் தெரிகிறது என்று நானே எடுத்துவிட்டேன். ஆனால் பையன்கள் சாப்பாட்டுக்கு அன்று மத்தியானம் செய்தது ஒரு டப்பா நிறைய இருந்தது. நீல டேப்பில் தேதி எழுதி ஒட்டி, என் முழங்கால் பக்கத்து ஃபிரிட்ஜில், கைக்கெட்டும் தூரத்தில்.

"தீர்ந்துபோச்சுன்னு சொல்லு" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். அந்தப் பையன் சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பையன். அவன் அதை அப்படியே வந்து உன்னிடம் சொன்னான். அரிசிப் பானை காலியானாலும் "இல்லை" என்று சொல்லக் கூடாது, "நிறைஞ்சிருக்கு"ன்னு சொல்லணும் என்று என் தலையில் குட்டிச் சொல்லித்தந்தவளிடம்.

நீ தலையை ஆட்டினாய். பர்ஸிலிருந்து டிஷ்யூவில் சுற்றின மாத்திரையை எடுத்தாய். மணி 9.40. வீட்டில் ஏழரைக்குச் சாப்பிட்டு முடிக்கிறவள். சர்க்கரைக்காரிக்கு இரண்டரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் சாப்பாடு போட்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் போகவில்லை. ஒன்பதாம் மேஜைக்கு ஏழாவது கோர்ஸ் வந்து நின்றது.

மறுநாள் விமான நிலையத்துக்கும் வரவில்லை. அது ஊரறிந்தது, விடு.

இதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தால் கோபமும் சேர்ந்து வருகிறது. போன ஜூனில் நீ ஒரு ஃபார்வர்டு அனுப்பினாய். நத்தம் பக்கத்துக்காரர் விஜய் குமார், நியூயார்க்கில் 'செம்மா' நடத்துகிறவர், அமெரிக்காவில் சமையல்காரர்களுக்குக் கொடுக்கிற ஜேம்ஸ் பியர்டு விருது வாங்கின செய்தி. நத்தைப் பிரட்டல் போடுகிறார் என்றதும் உனக்கு முகம் சுளித்திருக்கும். இருந்தும் "ருசியை மாத்தாம வச்சிருக்காராம் பாரு" என்று வாய்ஸில் சொன்னாய். அவர் செய்தது பெரிய காரியம், நானே எழுந்து நின்று கை தட்டினேன். ஆனால் அக்கா, நான் இந்தத் தொழிலில் நுழைந்தபோது, கையில் கறிவேப்பிலை வாசனை அடிக்கிறது என்று ஒரு பெரிய ஆள் என்னை மூன்று தரம் கை கழுவ அனுப்பினார். ருசியை மாற்றாமல் நின்றிருந்தால் உருளைக்கிழங்கு உரிக்கிற இடத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். அந்தப் பன்னிரண்டு விநாடி வாய்ஸை எத்தனை தரம் கேட்டேன் என்று உனக்குத் தெரியாது.

நீயும் சும்மா இல்லை. ஊரில் கல்யாண வீடுகளில் "என் தம்பி கடையில சங்கு அளவுக்குச் சொதி ஊத்தி, வீட்டு வாடகையை பில்லாப் போடுவான்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பாயாமே. எனக்குத் தகவல் வரும். அத்தானுக்கு பைபாஸ் நடந்தபோது நான் வரவில்லை, பணம் அனுப்பினேன். எவ்வளவு என்று எழுத மாட்டேன். எழுத வேண்டும் போல இருக்கிறது, அதனாலேயே எழுத மாட்டேன். அந்தப் பணமும் சங்கு அளவுச் சொதியில் வந்ததுதான்.

என் வீட்டில் நடந்ததைப் பற்றி இங்கே ஒரு வரிகூடக் கிடையாது. அவள் பக்கத்து ஆட்களும் படிப்பார்கள். அவள்மேல் தப்பில்லை. அது மட்டும்.

எனக்குக் கீழே வேலை பார்த்த பையன்களைப் பற்றியும் இப்போது வேண்டாம். அவர்களில் சிலர் என்னைப் பற்றி எழுதினால் நான் மறுக்க முடியாது.

நீ ஒருதரம் "சாப்பாட்டுக்குப் போய் மார்க்கா?" என்று கேட்டாய். பிரான்சில் பெர்னார் லுவாசோ என்று ஒருவர் இருந்தார், மூன்று நட்சத்திரக்காரர். 2003இல் இன்னொரு வழிகாட்டி நூல் அவருக்கு 20க்கு 19 என்று இருந்த மார்க்கை 17 ஆக்கியது, மூன்று நட்சத்திரமும் போகப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. பிப்ரவரியில் உயிரை விட்டார். அந்த மூன்றும் கடைசிவரை போகவில்லை. ஏன் போனார் என்று யார் முழுசாகச் சொல்ல முடியும்? 2016 ஜனவரியில் சுவிட்சர்லாந்தில் பெனுவா வியோலியே என்ற இன்னொரு மூன்று நட்சத்திரக்காரரும் அப்படியே போனபோது நாங்கள் பாஸில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அடுத்த டிக்கெட்டை, அதாவது ஆர்டர் சீட்டை, எடுத்தோம். அந்த வருஷம் ஜூலையில்தான் சிங்கப்பூருக்கே முதல் மிச்செலின் வந்தது. சைனாடவுனில் இரண்டு வெள்ளிக்குக் கோழிச் சோறு விற்ற ஹாக்கர் கடைக்கும் ஒரு நட்சத்திரம் போட்டார்கள், உனக்கு அது பிடிக்கும். 2018இல் புக்கிட் பாசோ ரோட்டில் ஆந்த்ரே சியாங் என்ற செஃப் இரண்டு நட்சத்திரம் இருக்கும்போதே எனக்கு வேண்டாம் என்று சொல்லிக் கடையை மூடினார். திமிரைப் பார் என்றோம். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இரண்டாவது நட்சத்திரம் வரவில்லை. இருக்கிற ஒன்று அங்கேயே இருக்கும். என்னோடு வருவது பெருநரம்பு புடைத்த கால், இடது முழங்கையில் ஓவன் கதவு சுட்ட தழும்பு, நின்றுகொண்டே குப்பைத்தொட்டிக்கு மேலே டப்பாவில் சாப்பிடுகிற பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டால் இப்போதெல்லாம் ஏதோ திருடுகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஏழே காலுக்கு டிக்கெட் மெஷின் கிர்ரென்று ஆரம்பித்தால் உள்ளே ஒன்று எழுந்து நிற்குமே, அதை நான் வெறுத்தேன் என்று உனக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டேன். அடுத்து என்ன என்று கேட்காதே. கேட்டால் சண்டை வரும்.

அன்றைக்கு நீ மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன மெனு அட்டை பீரோவில் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது என்று சின்னவன் சொன்னான். அதைத் தூரப் போடு. இல்லை, இருக்கட்டும். உன் இஷ்டம்.

டேய் சின்னவனே, பணம் வருகிற பத்தியைத் தாண்டிப் படி.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இறங்கி பஸ் பிடித்து அம்பை வந்து சேர மூன்று மணிக்கு மேல் ஆகும். எனக்காகக் காத்துக்கொண்டிருக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்.

தம்பி