விலை சொல்லப் போகும் மகளுக்கு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

மும்பையில் ஓர் ஏல நிறுவனத்தில், பழைய சினிமாப் பொருள்களை மதிப்பிடும் பிரிவில் சேர்ந்துவிட்டதாக நீ எழுதியிருந்ததைப் படித்தேன். வங்கி வேலையை விட்ட செய்தியைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறாய். முனீஸ்வரன் கோயில் தெருவில் முப்பது ஆண்டுகளாகப் பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும் விற்று உன்னைப் படிக்க வைத்தவள், நீ அதே தொழிலுக்கு வந்ததற்குக் கோபித்துக்கொண்டால் யாராவது சிரிப்பார்கள். ஆனால், ‘எதை வைத்து அம்மா விலை சொல்வாய்?’ என்று நீ கேட்டிருப்பதற்கு இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை.

உன் அப்பா சேகரித்தவர். விலை அவருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் இருந்துகொண்டே அச்சில் வந்த எதையும் விடாமல் சேர்த்ததும், அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைந்ததும் அப்பாவுக்குப் பெரிய தைரியம். நான் முணுமுணுக்கும்போதெல்லாம் அவர் பெயரைத்தான் சொல்வார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1931ஆம் ஆண்டின் காளிதாஸ் உட்பட அக்காலப் படங்கள் பலவற்றுக்கு இன்று பிரதியே இல்லை. கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிக்கும் பாட்டுப் புத்தகம் கையில் இருக்கும், மீதியைக் காணத் திரையில் ஒன்றும் இருக்காது.

காகிதம் கைக்கு வந்ததும் நடிகர் முகத்தைப் பார்க்காதே, பின்னட்டையைப் பார். 1947இல் வந்த படத்தின் முதல் அச்சு என்று ஒருவர் கொண்டுவந்த புத்தகத்தை, பழுப்பேறிய தாளையும் துருப்பிடித்த கம்பியையும் நம்பி நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். இரவு விளக்கடியில் பார்த்தால் பின்னட்டையின் அடியில் ‘விலை 15 ந.பை.’ என்று இருந்தது. நயா பைசா இந்த நாட்டுக்கு வந்ததே 1957 ஏப்ரலில்தான். 1964இல் ‘நயா’ உதிர்ந்துபோயிற்று. ஆக, அது படம் மறுபடி திரையிடப்பட்டபோது அடித்த புத்தகம். விலை அணாவில் இருந்தால் ஒரு காலம், சென்னைக்குப் பின்னால் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972க்குப் பிறகு. எழுத்தும் பேசும்: லை, னை, ணை ஆகியவற்றுக்கு யானைத் தும்பிக்கை போன்ற வளைவு போட்டு எழுதியதை அரசு மாற்றியது 1978இல். பெரியாரின் விடுதலை இதழ் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தது என்பதால் அந்த வட்டாரத்து அச்சை மட்டும் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். மற்றபடி, அறுபதுகளின் போஸ்டர் என்று சொல்லப்படுவதில் புதிய லை இருந்தால் சந்தேகப்படு. பழைய லை இருப்பதால் மட்டும் நம்பிவிடாதே. பழக்கப்பட்ட கை ஆணை வந்த மறுநாளே மாறிவிடாது.

இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு அரக்கால் ஆனது என்பதை உன் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லி வை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்க, நடுத்துளையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு, ஓரத்தை நகத்தால் லேசாகச் சுண்டு. சந்தையில் மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே சங்கதிதான்; நல்ல தட்டு கணீரென்னும், கீறல் விட்டது மொத்தென்னும். நம் ஊர்ப் பரண்களில் தட்டுகள் அதிகம் கிடைப்பதில் வியப்பில்லை. ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் படம் எடுப்பதற்கு முன்பு தட்டு விற்றவர். கோடம்பாக்கத்துக்குப் போகும்முன் அவர் ஸ்டுடியோ தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. ராமபாணப் பூச்சி அரித்ததைக்கூட வாங்கலாம், வசம்பு வைத்துக் காப்பாற்றலாம். ஆசையாக லேமினேட் செய்து வைத்திருப்பதைப் பார்த்தால்தான் எனக்கு அழுகை வரும்.

இவ்வளவும் பழகினால் வந்துவிடும். நான் தவறியது வேறோர் இடத்தில். நீ மூன்றாம் வகுப்புப் படித்த சமயம், பக்கத்து ஊரில் வீட்டை விற்கப்போகும் ஓர் ஆச்சி, பரணில் கிடந்த பெட்டியைக் காட்டி, இது என்ன போகும் என்று கேட்டார். நாற்பது பாட்டுப் புத்தகங்கள், பசையே காணாத ஏழெட்டுப் போஸ்டர்கள். நானூறு ரூபாய் போகும் என்றேன். சொல்லிவிட்டு, நானே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அதில் ஒரு போஸ்டரை மட்டும் சென்னையிலிருந்து வந்தவர் ஒன்பதாயிரத்துக்கு வாங்கிப் போனார். அது தெரியாமல் ஆச்சி, ‘வாயால் விலை சொல்லி, கையோடு பணம் வைத்த பெண்’ என்று உறவுக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொல்ல, ஆறு மாதத்தில் மூன்று வீட்டார் பரணைத் திறந்து காட்டினார்கள். அந்த மூன்று வீட்டிலும் விலையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, விற்பதானால் வேறு கடைக்காரரைக் கூப்பிடுங்கள் என்று வந்துவிட்டேன். ஆச்சியிடம் போய்ச் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. வந்தபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

உன் நிறுவனம் மதிப்பும் சொல்கிறது, விற்றும் கொடுக்கிறது, விற்றதில் கமிஷனும் எடுக்கிறது. அது ஊரறிந்த ஏற்பாடு, அதில் குற்றமில்லை. ஆனால் ஊழியர்கள் ஏலத்தில் கேட்கலாமா, கூடாதா என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள். அவர்கள் அனுமதித்தாலும் நீ மதிப்பிட்டதை நீ கேட்காதே, உன் தோழியை விட்டும் கேட்க வைக்காதே.

அப்பாவின் பீரோவைப் பொங்கலுக்கு வந்து மதிப்பிட்டுத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். அது உனக்கும் உன் தம்பிக்கும் சேர வேண்டியது. மதுரையிலிருந்து ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன், வாங்கக் கூடாது என்ற பேச்சோடு. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்.

அன்புடன்,
அம்மா