ஏரி இறால் ஏன் தினமும் வருவதில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"என்னப்பா, இன்னைக்கும் ஏரி இறால் இல்லையா?" கொஞ்ச நாளாகக் கல்லாவில் நாங்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நின்று பதில் சொன்னால் பின்னால் இருப்பவர் கடுப்பாகிறார். சரி, எழுதியே ஒட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

கடை தண்டையார்பேட்டையில் இருந்தாலும் எங்கள் வேர் பழவேற்காட்டில். ஏரி இறால் என்று நாம் சொல்வதும் அந்த ஊர் ஏரியில் பிடிப்பதைத்தான். எங்கள் ஆயா அங்கிருந்து பொன்னேரி வந்து ரயிலேறி, கொருக்குப்பேட்டையில் இறங்கித் தெருத்தெருவாகக் கூடை சுமந்தவர். கடல் மீனுக்குக் காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. இறால், நண்டு, மடவை மூன்றுக்கும் இன்றும் நாங்கள் பழவேற்காட்டைத்தான் நம்பியிருக்கிறோம்.

அந்த ஊர் நம் ஊருக்கு மூத்தது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை கட்டித் துணி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தபோது சென்னைக் கோட்டைக்கு அஸ்திவாரமே போடவில்லை. 1690இல் அவர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். துணி வியாபாரம் ஒடுங்கியது. இப்போது கல்லறைத் தோட்டம்தான் மிச்சம். அப்புறம் ஊருக்குச் சோறு போட்டது ஏரியும் கடலும்தான்.

ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. நல்ல இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் இழுக்கும் நாட்களில்தான் இறால் நன்றாக விழும். ஆகவே ஏரி இறால் எந்தக் காலத்திலும் தினசரிச் சரக்கு இல்லை. இருளர் மக்கள் பிடிக்கும் இறால் வேறு கதை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி, பிடித்ததை வாயில் கவ்விய பறி என்ற ஓலைக் கூடைக்குள் போடுவார்கள். ஒரு கிலோ சேர்வதற்குள் முதுகு ஒடிந்துவிடும். அந்த இறாலுக்குப் பேரம் பேச எங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

முன்பு இரண்டு மூன்று பேரிடம் வாங்கிச் சமாளிப்போம். இப்போது அது முடியவில்லை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. அதற்காகக் கல் சுவர் எழுப்பும் வேலையை அரசு எடுத்திருக்கிறது. பக்கத்திலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கினால் ஏரிக்கு என்ன ஆகும் என்று மீனவர்கள் பயந்து எதிர்க்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது என்பதுதான் எங்கள் எண்ணமும். ஆனால் அதே பக்கம் வேலை தேடிப் போவதும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். எங்களுக்கு இருபது வருடமாக இறால் கொடுக்கும் அண்ணனின் மகன் கம்பெனி பஸ் ஏறி ஒப்பந்த வேலைக்குப் போகிறான். "மாசம் பொறந்தா சம்பளம் வருது, அவனை வலை இழுக்க எப்படிக் கூப்பிடுறது?" என்கிறார் அண்ணன். எங்களிடம் பதில் இல்லை. ஆள் குறைந்ததால் அவர் பாடு வரும் நாளிலும் சில முறை வலை இறங்குவதில்லை.

இன்னொன்று, நீங்கள் மொட்டை மாடியில் நின்று ராக்கெட் பார்க்கும் நாளில் எங்களுக்குச் சரக்கு கிடையாது. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருப்பதால் அன்று கடலுக்குப் போகக் கூடாது என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உங்களுக்குத் தெரிந்ததுதான். விசைப்படகு ஓடாது, பைபர் படகு மீன் மட்டும் வரும்.

நண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். பெரிய பச்சை நண்டை உயிரோடு கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரிகள் ஏலத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் கழித்துப்போடும் தண்ணி நண்டுதான் பல நேரம் நகரத்துக்கு வருகிறது. கால் சேரும் இடத்தில் அடிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே சதை இல்லை. எங்கள் கடையிலும் அழுத்திப் பார்த்தே வாங்குங்கள். ஈரக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் எடை போடுவோம்.

இப்போது எங்கள் தவறு. போன பொங்கலுக்கு முன் ஒரு ஏஜெண்டு அனுப்பிய ஐஸ் பெட்டியை ஏரி இறால் என்று நம்பி விற்றோம். மறுநாள் ஒரு அம்மா வந்து, "அச்சுல வார்த்த மாதிரி எல்லாம் ஒரே அளவு. ஏரியில ஏதுப்பா இப்படி?" என்றார். பார்த்தால் பாதிக்கு மேல் வனாமி, அதாவது பண்ணையில் வளர்க்கும் இறால். கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த ஏஜெண்டிடம் இப்போது வாங்குவதில்லை.

வனாமி கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. 2009இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தபிறகு பரவலாகிவிட்டது. பிரியாணிக்கும் பஜ்ஜிக்கும் தாராளமாகப் போடலாம். ஆனால் தொக்குக்கும் கத்தரிக்காய் போட்ட குழம்புக்கும் ஏரி இறாலின் இனிப்பு அதில் வராது. ஆகவே இந்த வாரம் முதல் இரண்டு இறாலுக்கும் தனித் தட்டு, தனிப் பலகை, தனி விலை. ஏரி இறால் விலை கூடுதலாகத்தான் இருக்கும். வராத நாளில் பலகையைக் கவிழ்த்து வைத்திருப்போம்.

வேண்டியவர்கள் முந்தின நாள் இரவு ஒன்பதுக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவையுங்கள். வண்டி காலை ஏழுக்கு வரும். வந்தால் எடுத்துவைப்போம், வராவிட்டால் ஏழரைக்குள் தகவல் சொல்வோம். முன்பணம் வேண்டாம்.

கல்லா பக்கத்தில் அடுக்கியிருக்கும் பனை ஓலைக் கூடைகளும் பழவேற்காட்டுப் பெண்கள் பின்னியவைதான். பாத்திரம் கொண்டுவர மறந்தவர்கள் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அடியில் வாழையிலை போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்