தோளில் ஏற்றி வந்த பேரரசன்

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் நாணயத்தின் படமும் திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. இங்கு அனைவரும் நலம். மகள் வயிற்றுப் பேரனுக்குச் சென்ற வாரம் 13 வயது நிறைந்தது. அதனால்தானோ என்னவோ, நாணயத்தில் இருக்கும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மூன்றாம் கோர்டியன் ரோமின் பேரரசன் ஆனதும் இதே வயதில்தான். ஒரு முதியவரின் மகள் வயிற்றுப் பேரன் என்ற உறவு ஒன்றுதான் அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தது.

அவனைப் 'பொம்மை அரசன்' என்று எழுதியிருக்கிறாய். அதை முழுதாக மறுக்க என்னால் முடியாது. ஆனாலும் அந்தச் சொல்லோடு அவனை முடித்துவிட மனம் ஒப்பவில்லை.

கி.பி. 238ஆம் ஆண்டை நினைத்துப் பார். அப்போதைய பேரரசன் மாக்சிமினஸின் வரிக்கொடுமை தாங்காமல் ஆஃப்ரிக்கா மாகாணத்தில், இன்றைய துனீசியாவில், நிலவுடைமைக் குடும்பத்து இளைஞர்கள் வரி அதிகாரியைக் கொன்றுவிட்டு, எண்பதை ஒட்டிய வயதுடைய ஆளுநர் கோர்டியனைப் பேரரசராக அறிவித்தார்கள். அவர் தம் மகனையும் உடன் அரசராக்கிக்கொண்டார். ஏறத்தாழ மூன்று வாரம்தான். மகன் கார்த்தேஜுக்கு வெளியே நடந்த போரில் மாண்டான், தந்தை தூக்கிட்டுக்கொண்டார். செனட் சபை அவசரமாக பூப்பியேனஸ், பால்பினஸ் என்ற இரு மூத்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தபோது, ரோம் நகர மக்கள் கல்லும் தடியுமாக வழியை மறித்து, கோர்டியன் குடும்பத்தில் ஒருவர் வேண்டும் என்று கூச்சலிட்டனர். ஆட்கள் அந்த வீட்டுக்கு ஓடியபோது முதியவரின் பேரனான நம் சிறுவன் விளையாடிக்கொண்டிருந்தானாம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே காப்பிட்டோல் குன்றுக்குக் கொண்டுவந்தார்கள் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். என்ன நடக்கிறதென்று அந்தப் பிள்ளையிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா? சில மாதங்களில் அரண்மனைக் காவற்படையினர் அந்த இரு முதியவர்களையும் இழுத்துச் சென்று கொன்றுவிட, அவன் தனிப் பேரரசனாக நின்றான்.

அந்த ஆண்டு டிசம்பரில் திரேஸ் மாகாணத்து ஸ்காப்டோபரா என்ற சிற்றூரின் மக்கள் அவனுக்கு அனுப்பிய மனு கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அவ்வூர் இன்றைய பல்கேரியாவில் உள்ளது. ஊரில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. இரண்டு படைமுகாம்களுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டு மைல் தொலைவில் பெரிய சந்தை கூடும். இத்தனையும் சேர்ந்து அவர்களுக்கு வினையாயிற்று. படைவீரர்களும் அதிகாரிகளும் வழியை விட்டு விலகி வந்து தங்கி, சாப்பாடு முதலியவற்றைக் காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். இது நிற்காவிட்டால் முன்னோர் வாழ்ந்த வீடுகளை விட்டு ஓட வேண்டியதுதான், அப்போது உங்கள் கருவூலத்துக்குத்தான் வரி நட்டம் என்று ஊரார் எழுதினார்கள். ரோமில் காவற்படையில் இருந்த பைரஸ் என்ற சொந்த ஊர்க்காரன் வழியாக மனு போய்ச் சேர்ந்தது. ஆளுநரிடம் முறையிடுங்கள் என்று சுருக்கமாக விடை வந்தது. அந்த விடையை எழுதியது ஏதோ ஒரு அலுவலரின் கைதான். இருந்தும் ஊரார் அதையும் சேர்த்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அவன் பெயரைத் தாங்கிய ஒரு வரி தங்களைக் காக்கும் என்று அவர்கள் நம்பியதை, சுந்தரம், நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

241இல் திமெசித்தேயஸ் காவற்படைத் தலைவராகி, தம் மகள் டிராங்குவிலினாவை அவனுக்கு மணம் முடித்துவைத்தார். நல்ல நிர்வாகி. பாரசீக மன்னன் முதலாம் ஷாபூருக்கு எதிராக மருமகனோடு கிழக்கே சென்று, 243இல் ரெசைனாவில் வெற்றியும் கண்டார். அதே ஆண்டில் அவர் நோயில் இறந்ததுதான் பேரிடி. அவர் இடத்துக்கு அரேபியரான பிலிப் வந்தார்.

244இன் தொடக்கத்தில், 19 வயதில், கோர்டியன் இறந்தான். மிசிக்கே போரில் அவனைக் கொன்றோம், அடுத்துப் பேரரசரான பிலிப்பிடம் 5,00,000 தினார் பெற்றுக்கொண்டு விட்டோம் என்று ஷாபூர் பாறையில் எழுதி வைத்தான். பிலிப் தூண்டிவிட்ட படைவீரர்களே கொன்றார்கள் என்பது ரோமர் தரப்பு. தோல்வியை மறைக்க ரோமருக்கும், வெற்றியைப் பெரிதாக்க ஷாபூருக்கும் காரணம் இருந்தது. ஆனால் அவன் உடலுக்கான நினைவுச்சின்னம் போர்க்களத்திலிருந்து வெகுதூரம் வடக்கே, யூப்ரடீஸ் கரையில் எழுந்ததைப் பார்க்கையில், ரோமர் சொல்வதை என்னால் அடியோடு தள்ள முடியவில்லை. ஈரானில் உள்ள பிஷாபூர்ப் பாறைச் சிற்பத்தில் அவன் ஷாபூரின் குதிரைக் காலடியில் கிடக்கிறான்.

உனக்குப் பிடித்த செய்தி ஒன்று: பாரசீகரின் தத்துவத்தையும் இந்தியரின் தத்துவத்தையும் அறியும் ஆசையால், அந்தப் படையோடு அலெக்சாந்திரியாவில் பயின்ற தத்துவ ஞானி புளோட்டினஸும் கிளம்பியிருந்தார். அரசன் இறந்ததும் அரும்பாடுபட்டு அந்தியோக்கியாவுக்குத் தப்பிச் சென்றார். நம் பக்கம் வந்து சேரவே இல்லை.

நீ அனுப்பிய நாணயத்தில் சூரியக் கதிர் வடிவக் கிரீடத்தைச் சுற்றி 'பியஸ் ஃபெலிக்ஸ்' என்ற எழுத்துகள் தெளிவாக உள்ளன; கடமை தவறாதவன், பாக்கியவான் என்று பொருள். படத்தில் காதோரம் மட்டும் நிழல் விழுந்திருக்கிறது. உருப்பெருக்கியை வைத்து அங்கே மெல்லிய மயிர்க்கோடு தெரிகிறதா என்று பார். கன்னம் வழுவழுப்பாக இருந்தால் ஆட்சியின் தொடக்கத்தில் அடித்ததாக இருக்கலாம். கிருதா அரும்பியிருந்தால் அவன் கிழக்கே புறப்பட்ட காலத்தை ஒட்டியதாக இருக்கலாம். பார்த்துவிட்டு மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமநாதன்