703-ஐப் போட்டுப் பார்

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். பாலக்கோட்டில் தக்காளி விலை கேட்கிற மாதிரி இல்லை. அதை விடு.

எஸ்.எஸ். பிள்ளை ஞாபகம் வந்தது. குற்றாலம் பக்கம் வல்லத்துக்காரர், 1901-ல் பிறந்தவர், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். உனக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்கிறேன். 703-ஐ ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக, முடிந்தவரை குறைந்த எண்ணிக்கையில் எழுது. 1, 2, 3-ஐ ஆறு முறை போட்டுப் பெருக்கினால் 1, 64, 729. 729 பெரிது, ஆகாது. 64 பத்து முறை, 640. பதினொன்று போட்டால் 704, ஒன்று கூடிவிடும். மீதி 63-க்கு ஒன்று ஒன்றாக 63. ஆக 73. இதை எட்டாம் வகுப்புப் பையனே போடுவான். எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று காட்டுவதில்தான் உயிர் போகும். மிகப் பெரிய எண்களுக்கு ஒரு வழி, கீழே உள்ளவற்றுக்கு வேறு வழி; இரண்டும் ஓரிடத்தில் வந்து சேராவிட்டால் நிரூபணமே கிடையாது. அடுக்கு சின்னதாக ஆக ஆக அந்த இடைவெளி மூட மாட்டேன் என்கிறது. பெரிய அடுக்குகளை 1936-லேயே முடித்த மனுஷனுக்கு இந்த ஆறு 1940 வரை இழுத்தது. ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்று சீனாவில் சென் ஜிங்ருன் 1964-ல்தான் காட்டினார். நான்குக்கு 19 என்று முடிவானது 1986-ல்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் முழிக்காதே.

1950-ல் அமெரிக்கா போகும்போது பிள்ளையின் விமானம் கெய்ரோ அருகே விழுந்துவிட்டது. 49 வயது. இதையெல்லாம் அவளுக்கு ஏன் எழுதுகிறாய் என்று அம்மா திட்டுகிறாள்.

நம் தெருவில் கணக்கில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை நீ ஒருத்திதான், எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் மூன்று மாதமாக ஒரு போன் இல்லை, இது நியாயமா? நேரத்துக்குச் சாப்பிடு.

பொங்கலன்று பெரியப்பா வீட்டில், அத்தனை பேர் முன்னால், "இன்னும் எத்தனை வருஷம் இழுப்பே?" என்று கேட்டது நான். நீ இலையை மூடிவிட்டு எழுந்துபோனாய். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார் நான். விடை வரும் நாளை யாராலும் சொல்ல முடியாது என்று தெரிந்தேதான் கேட்டேன், அண்ணன் எதிரில் கெத்து குறையக் கூடாது என்று.

அம்மா கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறாள், நாளைக்குப் பார்சல் போடணும். ஹாஸ்டல் ரூம் நம்பர் பழையதுதானே? மாறியிருந்தாலும் பரவாயில்லை, புதுசை எழுது.

அப்பா
தர்மபுரி