கைக்கோடரி செய்தவர்கள் தமிழர்களா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய கற்கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எங்கள் மாவட்டத்து ஊர் என்பதால் கூடுதல் சந்தோஷம். ஆனால் "15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன்" என்று நீங்கள் போட்ட தலைப்பு மனதை உறுத்துகிறது.

தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்குள்ள கைக்கோடரிகளுக்கு, அதாவது கையில் பிடித்து வெட்டும் கற்கருவிகளுக்கு, வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. சரி. ஆனால் மொராக்கோவில் கிடைத்த, நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் வயது. கோடரி செய்தவர்கள் நமக்கு முந்திய வேறு மனித இனம். அவர்கள் எந்த மொழி பேசினார்கள், பேசினார்களா இல்லையா என்பதையே எந்தக் கல்லும் சொல்லாது.

கல் சொல்வது வேறு. என் தாத்தா அம்மி கொத்தியவர். கல்லைத் தட்டி ஓசை கேட்ட பிறகுதான் உளியை எடுப்பார். எனக்குக் கற்றுத் தந்தபோது அதிகம் பேசியதில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, "இன்னும் சாய்ச்சுப் புடி" என்பார், அவ்வளவுதான். அந்தச் சொல்லும் இல்லாமல் பார்த்தே பழகியிருந்தால் எத்தனை கல்லை வீணாக்கியிருப்பேனோ! கைக்கோடரியிலும் இருபுறமும் சில்லு பெயர்க்க வேண்டும். கோணம் தப்பினால் கல் பாழ்.

2015-இல் வெளியான ஒரு சோதனையில் 184 பேரை, இதைவிடப் பழைய, எளிய முறையில் கல் உடைக்கப் பழக்கினார்கள். பார்த்து மட்டும் செய்தவர்களுக்குச் சரியாகக் கைவரவில்லை. சைகையால் கற்றவர்கள் தேறினார்கள், பேசிக் கற்றவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். இன்றைய மனிதர்களை வைத்துச் செய்தது என்பதால் அன்றே பேச்சு இருந்தது என்று இதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனால் மூத்தவர் இளையவருக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

அதே அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் முறையே மாறுகிறது. கல்லை முதலில் சுற்றிலும் செதுக்கித் தயார்செய்துகொண்டு, பிறகு வேண்டிய வடிவில் சில்லைப் பெயர்த்திருக்கிறார்கள். முதல் அடியிலேயே கடைசி அடி மனதில் இருக்க வேண்டிய வேலை இது. 2018-இல் வந்த இந்தச் செய்திக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

அடுத்த இதழில் தலைப்பைத் திருத்தி ஒரு குறிப்புப் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதை அப்படியே தேர்வில் எழுதிவிடுவார்கள். அப்புறம், பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருப்பதையும் சேர்த்துப் போட்டால், அவர்களை அழைத்துப்போய்க் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவள்ளூர்.