குளம் எங்கும் ஓடிவிடாது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று மருமகள் போனில் சொன்னாள். என்னிடம் சொல்ல நீ கூச்சப்படுவதாகவும் சொன்னாள். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த காலமெல்லாம் டீக்கடை வாசலில் நின்று ஆண்களிடம் இதே வாசக்டமியை, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனைப் பற்றிப் பேசியவளிடம் உனக்கு என்ன கூச்சம்? போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன், திங்கட்கிழமை நீச்சல் குளம், புதன்கிழமை ஜிம் என்று திட்டம் போட்டிருக்கிறாயாமே. தையல்கூட இல்லையே என்று கேட்டாயாம். தையல் இல்லாததுதான் உன்னை ஏமாற்றுகிறது. 1974-ல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் கண்டுபிடித்த முறை இது. தோலைக் கத்தியால் கீறுவதில்லை. கூர்முனைக் கருவியால் சிறு துளை போட்டு, விரித்து, விந்துக்குழாயை வெளியே இழுத்து, வெட்டிக் கட்டி, உள்ளே விட்டுவிடுவார்கள். மேலே பார்த்தால் கொசு கடித்த தடம் மாதிரிதான் இருக்கும். உள்ளே இரண்டு பக்கமும் வெட்டுக் காயம் இருக்கிறது.

கையில் வெட்டுப்பட்டால் துணியை வைத்து அழுத்திப் பிடிக்கலாம். விதைப்பை தளர்ந்த தோல். உள்ளே கசியும் இரத்தத்தைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. மூச்சை அடக்கி எடை தூக்கினால் அடிவயிற்றில் அழுத்தம் ஏறும், கீழே உள்ள இரத்தக் குழாய்களும் புடைக்கும். ஆறிக்கொண்டிருந்த காயம் மறுபடி கசியும். இரத்தம் கட்டிப் பெரிதாக வீங்கிவிட்டால் அது வடிய வாரக் கணக்கில் ஆகும். ஜிம்மில் இருக்கும் இரும்பு மட்டும்தான் எடை என்று நினைக்காதே. சின்னவனைத் தோளில் தூக்கி வைப்பதும், இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்ப்பதும் அதே கணக்குத்தான். ஒரு வாரத்துக்குக் கேனை வாட்ச்மேன் வைத்துக் கொடுக்கட்டும்.

முதல் இரண்டு நாள் படுத்திரு. துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு ஒற்றிக்கொள். அந்தக் காலத்தில் லங்கோடு கட்டச் சொல்லுவோம்; உனக்கு இறுக்கமான ஜட்டி போதும், தூங்கும்போதும் போட்டுக்கொள். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், அது இரத்தத்தை உறையவிடாது. டாக்டர் எழுதிய மாத்திரையை மட்டும் சாப்பிடு. அதன் பிறகு நட. நடப்பது நல்லது.

நீச்சலுக்குக் குறைந்தது ஒரு வாரம். சில டாக்டர்கள் இரண்டு வாரம் என்பார்கள். உன் டாக்டர் சொன்னதே கணக்கு. துளை மூடித் தோல் காய்ந்திருக்க வேண்டும். குளித்துவிட்டு ஒற்றித் துடைப்பதும், அரை மணி நேரம் தண்ணீரில் ஊறிக் கிடப்பதும் ஒன்றல்ல. ஊறிய காயத்தில் கிருமி சுலபமாக ஏறும். குளோரின் போட்டிருக்கிறது என்று வாதாடாதே. அது குளத்துத் தண்ணீருக்குப் போட்ட மருந்து, உன் காயத்துக்கு அல்ல. இறங்கும் நாளில் படிக்கட்டு வழியாக இறங்கு. தவளை நீச்சலில் தொடைகளை விரித்து உதைக்க வேண்டும். முதலில் கையை வீசி மெதுவாகப் போ, உதைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொளதொள அரைக்கால்சட்டை வேண்டாம், உடம்போடு ஒட்டிய நீச்சல் உடை போடு. சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் அதே ஒரு வாரம். இழுக்கிறது, கனக்கிறது என்று தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிடு.

தோல் நீலம் பாய்ந்து, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தால் பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, சீழ் வந்தாலோ, வீக்கம் நாளுக்கு நாள் ஏறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. என்னிடம் போனில் வைத்தியம் கேட்டுக்கொண்டிருக்காதே.

தெம்பு குறைந்துவிடும் என்று யாராவது ஆபீஸில் சொன்னால் சிரித்துவிட்டுப் போ. ஆண்மை தரும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து போவது. வெட்டிய குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உன் தங்கை பிறந்தபோது இந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளும்படி உன் அப்பாவிடம் கேட்டேன். "வயலில் பாடுபடுகிறவன், எனக்கு எதற்கு?" என்றார். ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவள் வீட்டில் நடந்தது இது. வயிற்றைக் கிழித்துக்கொண்டது நான்தான். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். நெருக்கடி நிலைக் காலத்தில் பிடித்துக்கொண்டு போய்ச் செய்ததை நினைத்துக்கொண்டு, எங்கள் ஜீப்பைப் பார்த்ததுமே தோப்புக்குள் ஓடிய பெரியவர்களும் உண்டு. நீயாக முன்வந்து செய்துகொண்டிருக்கிறாய். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மருமகளிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பொங்கலுக்கு வரும்போது நம் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் அறை மேலிருந்து நீ பல்டி அடிக்கலாம், உடம்பு அதற்குள் தேறிவிடும். அதை வைத்து எல்லாம் முடிந்தது என்று எண்ணாதே. வெட்டிய இடத்துக்கு அப்பால் குழாயில் தங்கிய விந்தணுக்கள் வடிய மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை. பிப்ரவரி கடைசியில் விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று எழுதி வாங்கு. வேலை இருக்கிறது என்று தள்ளிப்போட்டு, மூன்றாவது குழந்தையோடு வந்து எங்களிடம் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பொங்கல் டிக்கெட் எடுத்துவிட்டாயா? தட்டை சுட்டு வைக்கிறேன். கார் டிக்கியிலிருந்து சூட்கேஸை உன் தம்பி இறக்குவான்.

அன்புடன்,
அம்மா