பட்டாளத்துத் தாத்தாக்களுக்காகக் கூடுவோம்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டே மாதத்தில் நம் ஊர்ப் பட்டாளத்துத் தாத்தாக்கள் மூன்று பேர் போய்விட்டார்கள், மனசு ஆறவில்லை. இருவர் மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி முடித்து 1971 போருக்குப் போனவர்கள்; டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த கதையைத் திண்ணையில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள், நாம்தான் பாதியில் எழுந்து போனோம். மூன்றாமவர் ராணுவச் சமையல்காரர். லடாக் குளிரில் விடியுமுன் அடுப்பு பற்றவைத்தவர், அவரையும் அதே மரியாதையோடு நினைக்க வேண்டும்.

டிசம்பர் 7 கொடிநாள், மாலை 5 மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். பழைய போட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள், பென்ஷன் தாள்களைக் குழுவில் போட வேண்டாம். அப்புறம், குடும்ப ஓய்வூதிய வேலையாகப் பாட்டிகளோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போக ரெண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள்?